முதியோர் கருவிகளும் மூத்தோர் துணையும்



திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டைக்கு அருகே பழவங்காடிப் பிள்ளையார் கோயில் உள்ளது. இந்தியப் படையினரின் பராமரிப்பில் உள்ள கோயில் அது. அங்கே காலை முதல் இரவு வரை தேங்காய் உடைபடும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் நாள்தோறும் நான் காணும் காட்சி ஒன்று உண்டு. ஓங்கி எறியும் வலிமை இல்லாத முதியவர்கள், பக்கத்தில் நிற்கும் இளைஞர் எவரிடமேனும் தேங்காயைக் கொடுத்து, "எனக்காக உடைத்துவிடு, அப்பா" என்பார்கள். இளைஞரும் மறுப்பதில்லை. வேண்டுதல் முதியவருடையது, கைவலிமை இளைஞருடையது. இரண்டும் கூடினால்தான் காரியம் நிறைவேறுகிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் ஏறக்குறைய இதுதான். முதுமையில் உண்டாகும் நோய்க்கும் தளர்ச்சிக்கும் உதவும் கருவிகளை ஆக்குவதற்கு, நம் நாட்டு இளைஞர்கள் பலர் புதிய தொழில் முயற்சிகளைத் தொடங்கியிருக்கிறார்கள். 'ஸ்டார்ட்அப்' என்று அவர்கள் வழங்குவதைப் புத்தொழில் என்கிறோம். அந்த முயற்சிகள் பட்டறையோடு நின்றுவிடாமல், சந்தைக்கு வந்து, முதியவரின் கைக்குச் சேருவதற்கு வல்லுநர்களின் வழிகாட்டுதல் எவ்வாறு உதவுகிறது என்பதே நம் கேள்வி.

நான் மருத்துவன் அல்லன், பொறியாளனும் அல்லன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறவன். இந்தப் பொருளைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியே என்னை இதில் ஈடுபடச் செய்தது.

என் தாயாருக்கு வயது 78. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து பழவங்காடியில் எங்களோடு வசித்து வருகிறார். பகலில் நானும் என் மனைவியும் அலுவலகம் சென்றுவிடுவோம். ஆகவே, ஆபத்து வேளையில் அழுத்தினால் எங்கள் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் சிறிய கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். கழுத்தில் மாலைபோல் அணிந்துகொள்ளும் கருவி அது. விலை சற்று அதிகமே. சென்ற ஆண்டு மழைக்காலத்தில், ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஈரத் தரையிலேயே கிடந்தார். கருவியோ அலமாரியில், பட்டுப் புடவைகளுக்கு இடையே பத்திரமாக இருந்தது.

"ஏன் அம்மா அதை அணியவில்லை?" என்று மருத்துவமனையில் வைத்துக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மக்களே, அதில் விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர் பட்டால் கெட்டுவிடுமோ என்று குளிக்கும்போது கழற்றி வைப்பேன். கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனால், என்ன சீக்கு என்று நாலுபேர் கேட்கிறார்கள்" என்றார்.

அன்று இரவு அக்கருவியோடு வந்த குறிப்பேட்டை எடுத்துப் படித்தேன். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கே அதன் தமிழ் விளங்கவில்லை. நீர் புகாத கருவி என்பது எங்கோ ஒரு மூலையில், எறும்பு எழுத்தில் அச்சாகியிருந்தது. அதைச் செய்தவர்களின் பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். தீய எண்ணம் உடையவர்களும் அல்லர். கருவி நன்றாகவே வேலை செய்தது. ஆனால், என் தாயாரைப் போன்ற ஒருவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய மூன்று செய்திகள் அவர்களுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து பேசச் சொல்லி அவர்களுக்கு எடுத்துரைக்கவும் ஒருவர் இல்லை போலும்.

இஃது ஒரு வீட்டுக் கதை மட்டும் அன்று. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நூற்றுக்கு 8.6 பேர். தமிழ்நாட்டில் 10.4 பேர், கேரளத்தில் 12.6 பேர். 2021-ஆம் ஆண்டுக்கு வல்லுநர்கள் மதிப்பிட்ட கணக்கில் தமிழ்நாட்டின் எண் 13.6 ஆகவும், கேரளத்தின் எண் 16.5 ஆகவும் உயர்ந்துள்ளன. கேரளத்தில் ஆறு பேரில் ஒருவர் முதியவர் என்று சொல்லலாம். அவர்களுள் பலருடைய பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலோ, பெங்களூரிலோ இருக்கிறார்கள். பெரிய வீட்டில் முதியவர் ஒருவரோ இருவரோ தனித்திருப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. எனவே கருவிகள் தேவை என்பதில் ஐயமில்லை. தேவையை அறிந்து ஆக்குகிறோமா என்பதில்தான் ஐயம்.

ஒரு கருவி பட்டறையிலிருந்து முதியவரின் கைக்கு வருவதற்குள் நான்கு மொழிகளைக் கடந்து வரவேண்டியிருக்கிறது. மருத்துவருக்கு ஒரு மொழி. பொறியாளருக்கு ஒரு மொழி. அனுமதி வழங்கும் அரசு அலுவலகத்துக்கு ஒரு மொழி. விலை கொடுத்து வாங்குகிறவருக்கு ஒரு மொழி. இவை நான்கையும் ஓரளவேனும் அறிந்து, ஒருவர் சொல்வதை மற்றவருக்கு விளங்க உரைப்பவரே நல்ல வழிகாட்டி. என் தொழிலின் பழக்கத்தால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நம் கண்முன்னே நடந்த இரண்டு வரலாறுகள் இதற்குச் சான்றாக நிற்கின்றன.

முதலாவது, இந்நகரிலேயே நடந்தது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் 1973-ஆம் ஆண்டில் அளித்த கட்டடத்தில் தொடங்கி, 1980-ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்றது ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம். அதன் தலைவராக விளங்கிய அறுவை மருத்துவர் எம். எஸ். வலியத்தான், இதயத்துக்குச் செயற்கை வால்வு ஒன்றை நம் நாட்டிலேயே ஆக்க வேண்டும் என்று எண்ணினார். அயல்நாட்டு வால்வின் விலை நம் நோயாளிகளுக்கு எட்டாததாய் இருந்த காலம் அது. வால்வு பழுதுபடுவது முதியோருக்கு மட்டும் உரிய நோய் அன்று. முடக்குக் காய்ச்சலினால் இளம் வயதினரும் அதற்கு ஆளாகிறார்கள். ஆயினும் ஒரு கருவி எவ்வாறு வளர்கிறது என்பதை அறிய இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

இதயம் ஓர் ஆண்டில் மூன்றரைக் கோடி முறைக்கு மேல் துடிக்கிறது. அத்தனை முறையும் வால்வு திறந்து மூட வேண்டும். பல ஆண்டுகள் பிழையின்றி உழைக்க வேண்டும். பூஜப்புரையில் உள்ள பழைய சாட்டல்மண்டு அரண்மனையில் பொறியாளர் ஜி. எஸ். புவனேஸ்வரும் உடனிருந்தவர்களும் செய்த முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. ஒரு மாதிரியில், நீலக்கல்லால் ஆன வட்டு விலங்குச் சோதனையில் உடைந்துபோயிற்று. நான்காவது மாதிரியில், உயர்ந்த வகைப் பாலிஎத்திலீன் பொருளால் ஆன வட்டை வைத்தார்கள். அது நிலைத்தது. 1990-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பல மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்தபின், 1995-ஆம் ஆண்டில் டி.டி.கே. நிறுவனத்தின் மூலம் விற்பனைக்கு வந்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் நெஞ்சில் அந்த வால்வு இயங்கியிருக்கிறது.

மூன்று முறை தோற்றதை மறைக்காமல், ஏன் தோற்றது என்று மருத்துவரும் பொறியாளரும் ஒரே மேசையில் அமர்ந்து ஆராய்ந்தார்கள் என்பதே இதில் நாம் கருத வேண்டியது. இன்று அதே நிறுவனம் பூஜப்புரையில் மருத்துவக் கருவிகளுக்கான 'டைமெட்' என்னும் தொழில் வளர்ப்பகத்தை நடத்துகிறது. தமக்கென ஆய்வுக்கூடம் இல்லாத புதிய நிறுவனங்களுக்கு, சோதனைச் சாலையும் அதைவிட மேலான அனுபவமும் அங்கே கிடைக்கின்றன. இருபதாண்டுக் காலம் ஒருவர் பட்டு அறிந்ததை, இன்னொருவர் இருபது நாளில் கேட்டு அறிய முடிகிறது.

இரண்டாவது வரலாறு மதுரையில் நடந்தது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கண் மருத்துவர் ஜி. வெங்கடசாமி, 1976-ஆம் ஆண்டில், தம் 58-ஆம் வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முதுமையில் கண்ணை மறைக்கும் புரைநோயை நீக்குவதே அவருடைய முதல் நோக்கம். புரையை நீக்கியபின் கண்ணுக்குள் வைக்கும் சிறு வில்லை, அன்று அயல்நாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. ஒரு வில்லையின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. ஏழை முதியவர் எங்கே போவார்? அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் கிரீன் என்பவர், வில்லை செய்யும் தொழில்நுட்பத்தை மதுரைக்குக் கொண்டுவரவும், அதை இழப்பின்றி நடத்தும் வகையை வகுக்கவும் துணை நின்றார். 1992-ஆம் ஆண்டில் ஆரோலேப் என்னும் தொழிற்சாலை தோன்றியது. வில்லையின் விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னர் இன்னும் குறைந்தது. இன்று அதன் பொருள்கள் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன.

இங்கே மருத்துவமனை வாயிலில் நாள்தோறும் வந்து நின்ற கூட்டம், இன்ன விலைக்கு மேல் வாங்க இயலாது என்று சொல்லாமல் சொல்லிற்று. விலையை முதலில் குறித்துக்கொண்டு, அந்த விலைக்குள் நல்ல பொருளை எப்படிச் செய்வது என்று பின்னர் ஆராய்ந்தார்கள். பொருளைச் செய்து முடித்துவிட்டு, அதற்கு ஆகும் செலவைக் கூட்டி விலை வைக்கும் வழக்கத்துக்கு இது நேர்மாறானது. இத்தகைய அறிவுரையைச் சரியான காலத்தில் சொல்வதே வழிகாட்டியின் கடமை.

இனி, அந்தக் கடமை என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வழிகாட்டி முதலில் செய்ய வேண்டியது, இளைஞரைப் பட்டறையிலிருந்து வெளியே அனுப்புவதாகும். அமெரிக்க நாட்டின் தேசிய அறிவியல் அமைப்பு 2011-ஆம் ஆண்டில் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அறிவியலார் ஒருவர், தொழில் நடத்த முன்வரும் இளைஞர் ஒருவர், அனுபவம் மிக்க வழிகாட்டி ஒருவர் என மூவர் ஒரு குழுவாவர். அவர்கள் ஏழு வாரங்களில், தம் பொருளை வாங்கக்கூடியவர்கள் நூறு பேரை நேரில் கண்டு பேச வேண்டும். பொருளைப் புகழ்ந்து விற்பதற்காக அன்று; குறைகளைக் கேட்பதற்காக. பின்னர் அந்நாட்டின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனங்களும் இம்முறையை மேற்கொண்டன. நூறு பேரிடம் பேசுவதற்கு நம் ஊரில் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில் இரண்டு நாள் நின்றாலே போதும்.

அடுத்து, வாங்குகிறவர் ஒருவர், பயன்படுத்துகிறவர் மற்றொருவர் என்பதை உணர்த்த வேண்டும். துபாயில் உள்ள மகன் பணம் கொடுத்து வாங்குகிறான். திருவனந்தபுரத்தில் உள்ள தாய் அதை அணிய வேண்டும். மகனுக்குப் பிடிப்பது தாய்க்குப் பிடிக்காது. மகன் பத்து வசதிகளைக் கேட்பான். தாய்க்கு ஒரே வசதி போதும். மகனை மட்டும் எண்ணிச் செய்த கருவி விற்பனையாகும். ஆனால் அலமாரிக்குள் போய்விடும். அடுத்த ஆண்டு அதை எவரும் வாங்கமாட்டார்கள்.

சட்டத்தின் வழியைக் காட்டுவதும் வழிகாட்டியின் வேலையே. 2018-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள மருத்துவக் கருவிகள் விதிகள், கருவிகளை அவற்றால் நேரக்கூடிய ஆபத்தின் அளவை நோக்கி ஏ, பி, சி, டி என நான்கு வகையாகப் பிரிக்கின்றன. நாக்கை அழுத்திப் பார்க்கும் தகடு முதல் வகை. இதய வால்வு கடைசி வகை. தம் கருவி எந்த வகையில் அடங்கும் என்பதைத் தொடக்கத்திலேயே அறியாமல், எல்லாம் செய்து முடித்தபின் அனுமதிக்குச் சென்று, முதலிலிருந்து சோதனைகளைச் செய்ய நேர்ந்தால், கையில் உள்ள சிறு முதலும் கரைந்துவிடும். விதிகளைப் படித்தவர் ஒருவர் அருகில் இருந்தால் இந்த இடர் நேராது.

அரசும் வாளா இருக்கவில்லை. மத்திய சமூக நீதி அமைச்சகம் 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'சேஜ்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. முதியோருக்குப் பயன்படும் பொருளையோ சேவையையோ உருவாக்கும் புத்தொழில் நிறுவனத்தில், வல்லுநர் குழு தேர்ந்தெடுத்தபின், அரசு ஒரு கோடி ரூபாய் வரை பங்கு முதலாக இடுகிறது. அரசின் பங்கு நூற்றுக்கு 49-ஐத் தாண்டக்கூடாது என்பது நிபந்தனை. கேரளத்திலும் புத்தொழில் இயக்கம் ஒன்று இளைஞர்களுக்குத் துணை நிற்கிறது. சாக்கடைக் குழிகளைத் துப்புரவு செய்ய 'பாண்டிகூட்' என்னும் இயந்திரத்தை 2018-ஆம் ஆண்டில் இந்நகருக்கு அளித்த ஜென்ரோபாட்டிக்ஸ் என்ற இளைஞர் நிறுவனம், பக்கவாதத்தால் நடை இழந்தவர்களை மீண்டும் நடக்கப் பயிற்றும் இயந்திரத்தையும் உருவாக்கியிருக்கிறது.

எனினும் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வழிகாட்டி என்ற பெயர் தாங்கியவர் எல்லாரும் வழிகாட்டிகள் ஆகமாட்டார்கள். விழாவில் பொன்னாடை ஏற்றுக்கொண்டு, 'நன்றாகச் செய்யுங்கள்' என்று வாழ்த்திவிட்டுப் போகிறவரால் பயன் ஒன்றுமில்லை. தம் அனுபவமே முடிந்த முடிவு என்று எண்ணி, இளைஞரைப் பேசவிடாதவரால் கேடும் உண்டு. தமக்கும் அந்நிறுவனத்தில் பங்கு இருந்தால், அதை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். 'இந்தக் கருவி இப்போதைக்கு வேண்டாம். நிறுத்திவிடு' என்று சொல்லும் துணிவு வழிகாட்டிக்கு வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளும் பணிவு இளைஞருக்கு வேண்டும். முதியவர் ஒருவரின் உயிர் அக்கருவியை நம்பி இருக்கிறது என்பதை இருவரும் மறத்தல் ஆகாது.

என் தாயாரின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். எங்கள் தெருவில் ஓர் இளைஞர், நண்பர் ஒருவரோடு சேர்ந்து, இதேபோன்ற ஒரு கருவியைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்பேட்டைத் தமிழில் எழுதித் தருமாறு அவர் என்னிடம் கேட்டபோது, என் அனுபவத்தைச் சொன்னேன். அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர், அரசு மருத்துவமனையில் முப்பதாண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்ற செவிலியர் அம்மையார் ஒருவர். அவர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, என் தாயாரிடம், "அம்மா, நீங்கள் எந்தப் பக்கமாக விழுந்தீர்கள்?" என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வியை அதுவரை நாங்கள் எவரும் கேட்டதில்லை. தாயார் விழுந்தது வலப்பக்கமாக. முறிந்ததும் வலது மணிக்கட்டு. "அப்படியானால், மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டிய பொத்தானை எந்தக் கையால் அழுத்துவது?" என்று இளைஞரைப் பார்த்துக் கேட்டார். பிறகு, "மணி அடித்தால் யார் வருவார்? வருகிறவரிடம் வீட்டுச் சாவி இருக்கிறதா?" என்று கேட்டார். இளைஞர் தம் குறிப்பில் எழுதிக்கொண்டே இருந்தார்.

இப்போது அக்கருவி இடக்கையில் அணியும் கடிகாரம்போல் இருக்கிறது. இரண்டு வசதிகளை நீக்கிவிட்டார்கள். ஒளிக்குப் பதிலாக ஒலி எழுப்புகிறது. முதற்செய்தி எங்களுக்கு வருவதற்கு முன்பே, சாவி வைத்திருக்கும் அடுத்த வீட்டுக்குப் போகிறது. இன்னும் விற்பனைக்கு வரவில்லை; சோதனை நடந்துகொண்டிருக்கிறது. என் தாயார் அதை அணிந்திருக்கிறார். சென்ற மாதம் ஒருநாள் அதை அழுத்தினார். அடுத்த வீட்டு அம்மையார் பதறி ஓடிவந்தார். "ஒன்றுமில்லை, மழை வருகிறது. மாடியில் வற்றல் காய்கிறது. எடுத்துத் தருவாயா?" என்றார் தாயார்.

இதைக் கேட்டு நாங்கள் எல்லாரும் நகைத்தோம். இளைஞருக்கோ முகம் வாடிவிட்டது. செவிலியர் அம்மையார் மட்டும் நகைக்கவில்லை. "இதைவிட நல்ல செய்தி வேறில்லை. வற்றல் எடுக்க நினைவுக்கு வந்த பொருள், விழுந்து கிடக்கும்போதும் நினைவுக்கு வரும்" என்றார்.

நேயர்களே, உங்களுள் ஓய்வு பெற்ற மருத்துவர்கள் இருப்பீர்கள். செவிலியர், பொறியாளர், கணக்கர், வாணிகம் செய்து பழகியவர்கள் இருப்பீர்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் உங்களால் ஒதுக்க முடியும். உங்கள் ஊரில் இத்தகைய முயற்சியில் இறங்கியுள்ள இளைஞர் எவரேனும் இருந்தால், அவரைத் தேடிச் செல்லுங்கள். முதியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்களுக்காக வாங்கித் தந்த பொருள் உங்களுக்கு உதவவில்லை என்றால், பிள்ளைகளின் மனம் நோகுமே என்று அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். என்ன குறை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தச் சொல்லை இளைஞர்களிடம் சேர்ப்பிப்பது எங்களைப் போன்றவர்களின் பொறுப்பு.